சுவை அறிந்த நாவும் மூலம் அறிந்த கையும்

சுவைத்தல் என்பது நாவின் தொழில் மட்டுமா? அன்றி, அறத்திற்கும் அதில் பங்கு உண்டா? உண்பதும் பருகுவதும் உடலைச் சார்ந்தவை; அவற்றில் நன்மை தீமை பார்ப்பது மிகை என்று எண்ணுவோர் உளர். சுவையை நாடுவதே பற்றின் தொடக்கம். ஆகவே அதனை அடியோடு விலக்குவதே தூய்மை என்று கருதுவோரும் உளர். இவ்விரு கருத்துகளுக்கும் இடையில்தான் நம்முடைய அன்றாட வாழ்வு நடைபெறுகிறது. இக்கேள்வியைச் சிறியதொரு பொருளை முன்வைத்து ஆராய்ந்து பார்ப்போம். அப்பொருள், இத்தாலி நாட்டுச் செந்நிறத் திராட்சை இரசம்.

அண்ணாமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கும் இத்தாலிய இரசத்திற்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உரோமையில் இறையியல் பயிலும் குருக்களும், இத்தாலிய நாட்டு இல்லங்களில் பணியாற்றும் அருட்சகோதரிகளும், ஐரோப்பிய நகரங்களில் வேலை பார்க்கும் இளைஞரும் இன்று நம் குடும்பங்களில் உண்டு. விடுமுறைக்கு வருகையில் அவர்களுள் சிலர் ஒரு புட்டி இரசத்தையும் கொண்டு வருகின்றனர். கிறிஸ்து பிறப்பு விழாவன்று அது மேசையின் மீது வைக்கப்படும்போது வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதனை எவ்வாறு பருகுவது, எந்த உணவோடு உண்பது என்பது ஒன்று. இது நம் வீட்டு மேசையில் இருக்கலாமா என்பது மற்றொன்று. முதலாவது சுவையைப் பற்றியது. இரண்டாவது அறத்தைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியே விடையிறுக்க முடியாது என்பதே நம் கருத்து.

முதற்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில், புளோரன்ஸ் நகருக்கும் சியேனா நகருக்கும் இடைப்பட்ட குன்றுகளில் விளைவது கியாந்தி என்னும் இரசம். எந்த எல்லைக்குள் விளைந்தது மட்டும் இப்பெயரைத் தாங்கலாம் என்று அந்நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோ 1716-ஆம் ஆண்டிலேயே ஆணை பிறப்பித்தார். இன்றும் 'கியாந்தி கிளாசிக்கோ' என்று பெயர் பெறுவதற்கு, நூற்றுக்கு 80 பங்கேனும் சாஞ்சோவேசே என்னும் திராட்சை அதில் இருத்தல் வேண்டும்.

அதனைச் சுவைப்பதற்கென்று ஒரு முறை உண்டு. வெண்ணிறத் துணியின் முன்னே கிண்ணத்தைச் சாய்த்து நிறத்தைக் காண்பர். மெல்லச் சுழற்றி மணத்தை எழுப்பி முகர்வர். ஒரு வாய் மட்டும் எடுத்து நா முழுவதும் படரவிடுவர். விழுங்கிய பின்னர்ச் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காத்திருப்பர். கியாந்தியில் முதலில் தோன்றுவது புளிப்பு. அதன் பின் வருவது துவர்ப்பு. இத்துவர்ப்பு நமக்குப் புதியதன்று. கடுக்காயிலும் கொட்டைப்பாக்கிலும் கடுந்தேநீரிலும் நாம் அறிந்ததே அது. அறுசுவைகளுள் ஒன்றாக அதனை எண்ணி, அதற்கெனப் பெயரும் வைத்த மொழி நம்முடையது. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்துகொள்வதால் வாய் உலர்ந்தாற்போல் தோன்றுகிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவை உடன் உண்டால் அவ்வுலர்ச்சி தணிகிறது. சுட்ட இறைச்சியும் பாலடைக்கட்டியும் தொஸ்கானியர் மேசையில் இவ்விரசத்தின் அருகே இடம் பெற்றது இதனால்தான். தக்காளியின் புளிப்புக்கு ஈடு கொடுக்கும் புளிப்பும் அதில் இருப்பதால் தக்காளிச் சாறும் அதனோடு ஒத்துப்போகிறது.

நம் வீட்டு உணவோடு அதனை இணைப்பது எவ்வாறு? மிளகாய்க் காரம் மிகுந்த குழம்போடு அது பொருந்தாது. மதுவின் வெம்மை காரத்தின் எரிவைத் தூண்டும். எரியும் நாவில் துவர்ப்பும் கசப்பாக மாறும். புளி மிகுந்த குழம்பின் முன்னே இரசம் வலுவிழந்து நீர்த்துப்போனாற்போல் தோன்றும். ஆனால் மிளகிட்டு வறுத்த ஆட்டிறைச்சியோடும், நெய் வார்த்த பருப்போடும் அது நன்கு இசையும். இவ்வூரின் கோடைக்கால அறை வெப்பத்தில் அதனை வைத்துப் பருகினால் வெம்மை ஒன்றே மிஞ்சும். 16 முதல் 18 பாகை செல்சியசு வரை குளிரவைத்தல் நலம். மிளகாய் போர்த்துக்கீசியருக்குப் பின் நம் நாட்டிற்கு வந்தது. மிளகோ இத்தாலியருக்குப் பழைய நண்பன். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு பேசுகிறது. இத்தாலிய இரசமும் தமிழ் நாட்டு மிளகும் ஒரே மேசையில் சேர்வது பழைய உறவொன்றைப் புதுப்பிப்பதே ஆகும்.

இவ்வாறு சுவைப்பதில் சில நற்பண்புகள் மறைந்துள்ளன. அவசரமின்மை, கவனம், அளவு, உணவோடும் பிறரோடும் சேர்ந்து பருகுதல் ஆகியவை அவை. தனியே நின்று, வெறும் வயிற்றில், மறப்பதற்காகவே விழுங்குவதற்கு இது நேர் எதிரானது. சுவையறிதல் குடிப்பழக்கத்தின் முதற்படி என்பதைவிட, சுவையறியாமையே குடியின் இயல்பு என்பது பொருந்தும். மயக்கத்தைத் தேடுகிறவனுக்குச் சுவை தேவைப்படுவதில்லை.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நம் கட்டுரை வசதி படைத்தோரின் மேசைக்கு மட்டும் உரியதாகிவிடும். இரண்டாம் கேள்வி இன்னும் காத்திருக்கிறது. இத்தமிழ் மண்ணில் மதுவைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் வெறும் சுவையைப் பற்றி மட்டும் பேசிவிட முடியாது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. அதே மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே ஏற்று நடத்துகிறது. கூலியில் பாதி கடைக்குப் போய்ச் சேர்வதைக் கண்டு கண்ணீர் வடிக்கும் மனைவியரும், தந்தையின் காலடியோசை கேட்டு அஞ்சும் பிள்ளைகளும் நம் பங்குகளிலும் உண்டு என்பதை நாம் மறைக்க இயலாது. அவர்கள் நடுவே நின்று, கியாந்தியின் துவர்ப்பு இன்ன உணவோடு இசையும் என்று சொல்வது பொருத்தந்தானா?

2024-ஆம் ஆண்டு சூன் திங்களில், நம் மாவட்டத்தை அடுத்துள்ள கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியிலும் அதனைச் சுற்றியும் கள்ளச்சாராயம் அருந்திய 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அவர்கள் கவனமின்றிக் குடித்ததால் மாண்டனர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. மெத்தனாலையும் சாதாரண மதுவையும் மணத்தாலோ சுவையாலோ பிரித்தறிவது அரிது.

இத்தகைய கேடு ஏழை நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். இரசத்தின் தாயகமென்று போற்றப்படும் இத்தாலியிலேயே, 1986-ஆம் ஆண்டில், வீரியத்தை மலிவாகக் கூட்டுவதற்கென மெத்தனால் கலக்கப்பட்ட இரசத்தைப் பருகி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெயர் பெற்ற தோட்டங்கள் நிறைந்த பியெமோந்தே பகுதியில் நிகழ்ந்த கேடு அது. தலைமுறை தலைமுறையாக இரசத்தோடு வளர்ந்த நாவும் அங்கே காப்பாற்றவில்லை. நா சுவையை அறியும். அது எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது, எதற்காக ஆக்கப்பட்டது என்பதை அறியாது. சுவையைப் பற்றிய அறக்கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்போம்.

சுவையையும் அதன் மூலத்தையும் சேர்த்துப் பார்க்க நம் முன்னோர் இலக்கியம் துணை செய்கிறது. அங்கே இரண்டு கிண்ணங்களைக் காண்கிறோம். முதலாவது, புறநானூற்றின் 56-ஆம் பாடலில் வரும் பொற்கிண்ணம். யவனர் நல்ல கலங்களில் கொண்டு வந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் ஏந்தித் தர, நாள்தோறும் பருகி மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். இது வெறுங்கற்பனை அன்று. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து இரசம் வந்த இருகைச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. தொஸ்கானாவின் அரெட்சோ நகருக்குப் பெயர் தேடித்தந்த செந்நிற மட்கலங்களின் துண்டுகளும் அவற்றோடு கிடைத்தன. இன்றைய கியாந்தி விளையும் அதே மாநிலத்தின் கைவினை, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரையில் வந்து இறங்கியது. அந்தப் பொற்கிண்ணம் அழகானதே. எனினும் அது ஒருவனுக்கே நீட்டப்பட்ட கிண்ணம்.

இரண்டாவது கிண்ணம் நம் மாவட்டத்திலேயே உள்ளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடுவது. இன்றைய செங்கமே அந்தச் செங்கண்மா. நவிரம் என்று அந்நூல் கூறும் மலை இன்றைய பருவதமலை என்பர். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். வழியிலுள்ள மலைச் சிற்றூர்களில், மூங்கிற் குழாயில் ஊறி முதிர்ந்த தேன் தேறலைப் பருகலாம் என்கிறான். அதனோடு நின்றுவிடவில்லை. மறுநாள் விடியலில் அந்த மயக்கம் தீர உண்ணவேண்டிய உணவையும் அடுக்குகிறான்: இறைச்சி, இனிய புளி கலந்த மோர், மூங்கில் அரிசிச் சோறு. வீடுதோறும் உறவினரைப் போலத் தடுத்து நிறுத்தி இவற்றை அளிப்பார்கள் என்கிறான். எந்தப் பானத்தோடு எந்த உணவு இசையும் என்னும் கலையை இத்தாலியரிடமிருந்து மட்டும் நாம் கற்க வேண்டியதில்லை போலும்!

இங்கே கருத்தில் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. மலைபடுகடாத்தின் மக்கள் தேறலை உணவோடு மட்டும் இணைக்கவில்லை. பசித்து வந்த அயலானோடு இணைத்தார்கள். அந்தத் தேன் எந்த மலையில் எடுக்கப்பட்டது, யார் எடுத்தது என்பது கொடுப்பவருக்குத் தெரியும். பருகுபவனுக்கு மறுநாள் என்ன நேரும் என்பதிலும் அவர்களுக்கு அக்கறை இருந்தது. மயக்கத்தை அவர்கள் மறைக்கவில்லை. அதற்கு மருந்தாகச் சோற்றையும் மோரையும் தந்தார்கள். கொடுத்தவுடன் தன் கடமை முடிந்ததென்று கதவைச் சாத்தும் வணிகத்திற்கும் இவ்விருந்தோம்பலுக்கும் உள்ள தொலைவை நாம் அளந்து பார்க்க வேண்டும்.

கானா ஊர்த் திருமண நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் வரை கொள்ளத்தக்கவை. அவற்றிலிருந்து மொண்டு சென்றதைப் பந்தி மேற்பார்வையாளர் சுவைத்துப் பார்க்கிறார். அவர் தேர்ந்தவர், நல்ல இரசம் இது என்று உடனே கண்டுகொள்கிறார். நல்லதை இதுவரை ஏன் வைத்திருந்தீர் என்று மணமகனைக் கேட்கவும் செய்கிறார். அவருடைய நா பொய் சொல்லவில்லை. ஆயினும் யோவான் நற்செய்தியாளர் அவ்விடத்தில் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். அது எங்கிருந்து வந்தது என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியாது; தண்ணீர் மொண்டு சென்ற பணியாளருக்குத் தெரியும் என்கிறார். சுவைத்தவர் அறியாததைச் சுமந்தவர் அறிந்திருந்தனர். வியப்புக்குரிய அச்செயலின் உண்மை, சுவைத் திறம் வாய்ந்த நாவுக்கு முன்னதாக உழைத்த கைகளுக்கு வெளிப்படுத்தப்பட்டது.

இன்னொன்றும் அங்கே உண்டு. இரசம் தீர்ந்துபோன குறையை முதலில் கண்டவர் அன்னை மரியா. பந்தியை மேற்பார்வையிடும் பொறுப்புடையவர் அதனைக் கண்டதாக நற்செய்தி கூறவில்லை. சுவையைக் காண்பவர் வேறு. குறையைக் காண்பவர் வேறு. நாம் எந்தக் கண்களோடு பந்தியில் அமர்கிறோம் என்பதே கேள்வி.

தூய தாமஸ் அக்குவினாஸ் இதனை 13-ஆம் நூற்றாண்டிலேயே நுணுகி ஆராய்ந்தார். இரசம் தன்னளவில் தீயதன்று என்பது அவர் முடிவு. ஆயினும் நான்கு சூழல்களில் அதனை அருந்துவது தவறாகும் என்று அவர் காட்டுகிறார். அருந்துபவர் அதனால் எளிதில் கெடக்கூடியவராக இருத்தல், அருந்துவதில்லை என்று வாக்குக் கொடுத்திருத்தல், அளவை மீறுதல், அதைக் காணும் பிறருக்கு இடறலாக அமைதல். இந்நான்கில் முதல் மூன்றும் அருந்துபவனைப் பற்றியவை. நான்காவது அருகில் இருப்பவனைப் பற்றியது. சகோதரர் இடறி விழ ஏதுவாகுமாயின் இறைச்சியையும் இரசத்தையும் விட்டுவிடுவது நல்லது என்று உரோமையருக்கு எழுதிய திருத்தூதர் பவுல்தான், வயிற்று நலனுக்காகச் சிறிது இரசம் பருகுமாறு திமொத்தேயுவுக்கு அறிவுரை கூறுகிறார். இரண்டுக்கும் முரண் இல்லை. இரண்டு இடங்களிலும் அவர் பார்த்தது இரசத்தை அன்று, மனிதரை.

இதனைக் கொண்டு நம் மேசைக்குத் திரும்புவோம். விருந்துக்கு வந்தோருள், குடியின் பிடியிலிருந்து அண்மையில் மீண்ட தம்பி ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். மிளகிட்ட ஆட்டிறைச்சியும் அருமை, கியாந்தியும் அருமை, இரண்டின் பொருத்தமும் அருமை. ஆயினும் அன்று அந்தப் புட்டி திறக்கப்படாமல் இருப்பதே மிகச் சரியான பொருத்தம் அன்றோ? உணவோடு பானத்தை இணைக்கத் தெரிந்தவர், அவ்விரண்டையும் அமர்ந்திருக்கும் மனிதரோடு இணைக்கத் தெரியாதவராயின், அவருடைய சுவையறிவு அரைகுறையே. அவருக்கு மோரும், அவரோடு சேர்ந்து எல்லாருக்கும் மோரும் பரிமாறப்படுமாயின், செங்கண்மா நாட்டு மலைமக்கள் அறிந்திருந்த விருந்தோம்பல் நம்மிடமும் எஞ்சியுள்ளது என்று மகிழலாம்.

இதில் திருச்சபையே நமக்கு முன்மாதிரி காட்டுகிறது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்டதாகவும், கலப்பற்றதாகவும், கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இதில் திருச்சபை மிகவும் கண்டிப்பானது. ஆயினும் குடிநோயால் துன்புற்று மீண்டு வரும் குரு ஒருவருக்கு ஒரு துளி இரசமும் ஆபத்தாகலாம். அத்தகையோர், நொதித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாறாகிய 'முஸ்தும்' என்பதைப் பயன்படுத்த ஆயர் அனுமதி அளிக்கலாம் என்று உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. பீடத்தின் மீதே வலுவற்ற சகோதரனுக்காக இடம் விடப்பட்டிருக்கும்போது, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இடம் விடுவது அரிய செயலா?

அப்பீடத்தில் மற்றொன்றையும் கற்கிறோம். காணிக்கையாக்கத்தின்போது இரசத்தை இறைவனின் கொடையாகவும் மனித உழைப்பின் பயனாகவும் நாம் அறிக்கையிடுகிறோம். சுவைப்பதற்கு முன்னரே மூலம் சொல்லப்பட்டுவிடுகிறது. 2024 சனவரித் திங்களில் இத்தாலிய இரசத் தயாரிப்பாளரைச் சந்தித்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இரசத்தை இறைவனின் கொடையாகப் போற்றியதோடு, மண்ணையும் உழைப்பையும் மதிக்கும் கடமையையும், நலமான நுகர்வையும் அவர்களுக்கு நினைவூட்டினார். அவருடைய முன்னோர் பியெமோந்தேயில், இரசத்துக்குப் பெயர் பெற்ற அஸ்தி பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்து 1929-இல் அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள்.

அப்படியாயின், அடியோடு விலக்கிவிடுவோரைப் பற்றி என்ன சொல்வது? அவர்களை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இரசம் விளையும் நாடுகளிலிருந்து இந்நகருக்கு வருவோர் பலர், இங்குள்ள ஆசிரமங்களில் தங்கியிருக்கும் நாள்களில் சோறும் மோருமாக நிறைவு காண்கின்றனர். 1949-இல் இரமணரைக் காண வந்து, பின்னர் இம்மலையின் குகைகளிலும் தங்கித் தவம் செய்த பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தர் அவர்களுக்கு முன்னோடி. சுவையை வெறுத்ததனால் அன்று, அதனினும் பெரிய ஒன்றை நாடியதனால் விட்டவர்கள் இவர்கள். அதேபோல், குடியால் சிதைந்த தன் குடும்பத்தை நினைந்து ஒரு துளியும் தொடுவதில்லை என்று உறுதி பூண்ட எளிய தாய் ஒருத்தியின் மறுப்பும் போற்றுதற்குரியது. அளவோடு சுவைப்பவர் அவர்களைக் கண்டு நகைப்பதும், விலக்கியவர் சுவைப்பவரைப் பாவியென்று தீர்ப்பிடுவதும் ஒருங்கே தவறு.

ஆகவே, சுவைத்தல் அறத்திற்கு உட்பட்டதா என்ற கேள்விக்கு நம் விடை இதுதான்: சுவை நன்று, ஆனால் நாவோடு நின்றுவிடும் சுவை முழுமையானதன்று. இது எங்கிருந்து வந்தது, யார் உழைத்தார்கள், நம்மோடு பந்தியில் அமர்ந்திருப்பவர் யார், யாருக்கு இது குறைவுபடுகிறது, யாருக்கு இது கேடாகும் என்று கேட்கத் தெரிந்தவரே சுவையறிந்தவர். கிண்ணத்தை உயர்த்தும்போதும், உயர்த்தாமல் விலக்கும்போதும் அதே கேள்விகளைத்தான் நாம் கேட்க வேண்டும். கானாவின் மேற்பார்வையாளர் இரசம் நல்லது என்று கூறியதோடு நின்றுவிட்டார். தண்ணீர் சுமந்த பணியாளர் அதற்கப்பாலும் அறிந்திருந்தனர். அவர்களுடைய அறிவையும் நாம் வேண்டிப் பெறுவோமாக.